பறித்த பின்னும் மூச்சு விடும் பூ

2021 ஜூலை கடைசியில் கர்நாடக முதல்வரான பசவராஜ் பொம்மை, ஆகஸ்ட் பிறந்ததும் போட்ட உத்தரவுகளில் ஒன்று பூக்காரர்களைக் கலங்கடித்தது. அரசு விழாக்களில் இனி மாலை, பூங்கொத்து, சால்வை வேண்டாம். கொடுத்தே தீர வேண்டுமென்றால் கன்னடப் புத்தகம் கொடுங்கள் என்றது அது. வீண்செலவைக் குறைப்பது நோக்கம். கொரோனா ஊரடங்கில் பறித்த பூவை வாங்க ஆளில்லாமல் குப்பையில் கொட்டி நொந்திருந்த விவசாயிகளுக்கு இது வெந்த புண்ணில் வேல். திரும்பப் பெறுங்கள் என்று அவர்களுடைய சங்கங்கள் குரல் கொடுத்தன.

இந்த வழக்கில் நான் விவசாயிகள் பக்கம். புத்தகம் நல்ல பரிசுதான், சந்தேகமில்லை. ஆனால் பூங்கொத்து என்றாலே வீண் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? மேடையில் வாங்கிய கொத்து, கூட்டம் முடியும்வரை காரின் பின்சீட்டில் வெந்துகொண்டிருக்கும். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் சுற்றிய பிளாஸ்டிக் தாளைக்கூடப் பிரிக்காமல் சாப்பாட்டு மேசையில் வைப்போம். மறுநாள் காலை ரோஜாக்கள் தலை தொங்கும். மூன்றாம் நாள் குப்பை வண்டி. பத்து நாள் நிற்க வேண்டிய செவ்வந்தியும் அந்தக் கொத்துக்குள்ளேயே இருந்திருக்கும். அதையும் சேர்த்துத் தூக்கிப் போட்டிருப்போம். பூ வாங்கினதால் காசு வீணாகவில்லை. வாங்கின பிறகு அதை என்ன செய்வது என்று யாரும் நமக்குச் சொல்லித் தராததால் வீணானது.

சொல்லித் தருவதற்கு மைசூரைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. மல்லிகைக்குத் தன் பெயரைக் கொடுத்த ஊர் இது. கே.எஸ்.நரசிம்மசுவாமியின் 'மைசூரு மல்லிகே' கவிதைத் தொகுப்பு 1942-இல் வந்தது. ஐம்பது வருடம் கழித்து அதே பெயரில் டி.எஸ்.நாகாபரணா படமும் எடுத்தார். கன்னடக்காரர்கள் வீட்டில் அந்தப் பெயருக்கு இன்னும் மவுசு உண்டு. ஊதுபத்தித் தொழிலின் ஊரும் இதுதான். பழமும் காயும் ஏன் கெடுகின்றன என்று ஆராய்கிற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமும் இங்கேதான். இந்த மூன்றுக்கும் உங்கள் வீட்டு ரோஜாவின் ஆயுளுக்கும் சம்பந்தம் உண்டு. வருகிறேன்.

இரண்டு ஜாதிப் பூ

சையாஜி ராவ் சாலையிலிருந்து தேவராஜ மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் பூக்கடை வரிசை மூக்குக்கு முதலில் தெரியும். பழைய கட்டடம். 2016 ஆகஸ்டில் தன்வந்திரி சாலைப் பக்கத்து வாசல் பகுதி இடிந்து விழுந்தது. இடித்துக் கட்டுவதா, பழுது பார்ப்பதா என்று அதன் பிறகு நடந்த வாதம் நீதிமன்றம்வரை போனது. அந்த வாதத்துக்கு நடுவிலும் பூ வருவது நிற்கவில்லை. உள்ளூர் மல்லிகைத் தோட்டங்கள் பெருமளவுக்கு வீட்டுமனைகளாகிவிட்டன. மைசூர் மல்லிகைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, நிலம்தான் சுருங்கிவிட்டது. சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி நம்மூர் மல்லிகை இங்கே வருகிறது. குண்டுலுப்பேட்டைப் பக்கமிருந்து செண்டுமல்லி வருகிறது. நீண்ட காம்பு ரோஜாவும் ஜெர்பராவும் பெங்களூரு, ஓசூர் பசுமைக்குடில்களில் விளைந்தவை.

கடைக்காரர்கள் இவற்றைக் கையாளும் விதத்தைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாலே பாதிப் பாடம் கிடைத்துவிடும். மல்லிகை, கனகாம்பரம், காக்கடா எல்லாம் ஈரச் சாக்குக்கு அடியில், இலைமேல், தண்ணீர் தேங்காத கூடையில். ரோஜாவும் கார்னேஷனும் வாளித் தண்ணீரில் நின்றபடி. முன்னது காம்பில்லாத பூ. தண்ணீர் குடிக்க அதற்கு வாய் கிடையாது. உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாமல் காத்தால் போதும். பின்னது காம்போடு வந்த பூ. அது விடாமல் குடித்துக்கொண்டே இருந்தாக வேண்டும். ஒன்றுக்குச் செய்வதை மற்றதற்குச் செய்தால் இரண்டும் போச்சு. மல்லிகைச் சரத்தைக் கிண்ணத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் கெடுப்பவர்கள் ஒரு பக்கம், ரோஜாக் கொத்தை ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டு வாடிவிட்டதே என்பவர்கள் இன்னொரு பக்கம்.

சரத்தில் தொடுத்த பூ

மல்லிகையைச் செடியில் மொட்டாக, விடிவதற்குள் பறிக்கிறார்கள். வெயில் ஏறிப் பறித்தால் மொட்டின் ஈரம் குறைந்திருக்கும். அன்று மாலை அது எங்கே இருந்தாலும், கூடையிலோ கூந்தலிலோ, மலர்ந்தே தீரும். மலர்ந்த பிறகு மணம் உச்சத்துக்குப் போகும்; அதோடு இதழோரம் பழுக்கத் தொடங்கும். ஆக, மல்லிகையைக் காப்பது என்றால் மலர்வதைத் தள்ளிப்போடுவது. மலர்ந்த மல்லிகையை யாராலும் காக்க முடியாது.

தள்ளிப்போடக் குளிர்ச்சி வேண்டும், ஈரக்காற்று வேண்டும், பூமேல் தண்ணீர் நிற்கக் கூடாது. இந்த மூன்றையும் ஒரே பொருளில் கொடுக்கிறது வாழை இலை. மேற்புறம் மெழுகுப் பூச்சு, அதனால் ஈரம் வெளியே போகாது. பூவிலிருந்து வரும் நீராவி உள்ளேயே தங்கும். பாலித்தீன் பையும் ஈரத்தைத் தடுக்கும், ஆனால் அந்த நீராவி முத்து முத்தாகக் குளிர்ந்து பூமேலேயே சொட்டும். சொட்டிய இடத்தில் மறுநாள் பழுப்புப் புள்ளி. நாரில் தொடுத்த பூ நூலில் தொடுத்ததைவிட நன்றாக நிற்பதும் இதனால்தான். நனைத்த வாழைநார் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் விடும். காம்பை நூல் மாதிரி அறுக்கவும் செய்யாது.

"இலையைப் பிரிக்காம அப்படியே வைங்கம்மா, தண்ணி தெளிக்காதீங்க." மைசூரிலும் சரி, மதுரையிலும் சரி, பூக்காரம்மா கொடுக்கும்போதே சொல்லும் வாக்கியம் இது. நாம்தான் வீட்டுக்கு வந்து பிரித்து, முகர்ந்து, தண்ணீர் தெளித்து, எவர்சில்வர் தட்டில் பரப்பி ஃபேனுக்கு அடியில் வைப்போம். மாலை வாங்கிய சரம் மறுநாள் காலைக்கு வேண்டுமென்றால் இலைப் பொட்டலத்தோடு ஒரு மூடியுள்ள டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் கீழே காய்கறித் தட்டில் வையுங்கள். மேல்தட்டில் ஃப்ரீசருக்கு அடியில் வைத்தால் இதழ் கண்ணாடி மாதிரி ஆகிக் கறுக்கும். இலை கிடைக்கவில்லையா? நனைத்து இறுக்கிப் பிழிந்த பழைய பருத்தி வேட்டித் துண்டு போதும். தெளிப்பது அவசியமானால் துணிமேல் தெளியுங்கள், பூமேல் வேண்டாம்.

கனகாம்பரத்துக்கு மணமில்லை என்று குறை சொல்வோம். இரண்டு மூன்று நாள் நிறம் மங்காமல் நிற்கும் பொறுமை அதற்கு உண்டு. வரலட்சுமி நோன்புக்கு முந்தின நாள் விலை ஏறும் என்று பயப்படுகிறவர்கள் இரண்டு நாள் முன்பே அதை வாங்கி இலையில் சுற்றி வைக்கலாம். மல்லிகையில் அந்தத் துணிச்சல் வேண்டாம். செண்டுமல்லி மாலைக்கு எதிரி ஈரம். அதன் அடிப்பகுதி பச்சையாகத் தடித்திருக்கும். அங்கே தண்ணீர் இறங்கினால் அழுகல் அங்கேதான் ஆரம்பிக்கும். ஆயுத பூஜைக்கு மாலை வாங்கினால் குவித்து வைக்காமல் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள்.

காம்புக்குள் என்ன நடக்கிறது

இப்போது வாளியில் நிற்கும் பூவுக்கு வருவோம். ஒரு ரோஜாக் காம்பைக் குறுக்கே வெட்டி வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் வெள்ளை நெட்டி, அதைச் சுற்றி மரத்தன்மையுள்ள வளையம். அந்த வளையத்துக்குள் தலைமயிரைவிட மெல்லிய குழாய்கள் ஏராளம். இலையும் இதழும் காற்றில் ஈரத்தை விட விட, அந்த இழுப்பில் கீழிருந்து தண்ணீர் மேலேறுகிறது. ஜூஸில் போட்ட உறிஞ்சுகுழல் மாதிரி. உறிஞ்சுகுழலில் காற்று புகுந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். காம்பை வெட்டின கணத்தில் அதுதான் நடக்கிறது: தண்ணீரில் இல்லாத வெட்டுவாய் காற்றை இழுத்துக்கொள்கிறது. அந்தக் காற்றுக் குமிழி குழாயை அடைத்து நிற்கும். பிறகு வாளி நிறையத் தண்ணீர் இருந்தும் பூ தாகத்தில் சாகும்.

அதனால் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை ஜாடி தேடுவது இல்லை. ஒரு பேசினில் தண்ணீர் பிடித்து, காம்பின் அடியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, அங்கேயே இரண்டு மூன்று சென்டிமீட்டர் சாய்வாக வெட்டுங்கள். நல்ல கூர்மையான கத்தி வேண்டும். மழுங்கின கத்தரிக்கோல் குழாய்களை நசுக்கிவிடும். ரோஜா, செவ்வந்தி மாதிரிக் கெட்டிக் காம்பைச் சுத்தியலால் நசுக்கினால் தண்ணீர் நன்றாக ஏறும் என்று ஒரு நம்பிக்கை பல வீடுகளில் இருக்கிறது. நசுங்கிய நார் அழுகி, குழாய் இன்னும் சீக்கிரம் அடைபடுவதுதான் நடக்கும்.

வெட்டியதும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரம் நிழலில் நிறுத்துங்கள். கைக்கு இதமான சூடு போதும். வெதுவெதுப்பில் தண்ணீர் வேகமாக ஏறும், கரைந்திருக்கும் காற்றும் குறைவு. இந்த முதல் ஒரு மணி நேரம் பூவின் ஆயுளில் பாதியைத் தீர்மானிக்கிறது என்று சொன்னாலும் மிகையில்லை. பூங்கொத்தின் அழகைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். இந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்கத்தான் நமக்கு மனம் வருவதில்லை.

தலை தொங்கிவிட்ட ரோஜாவுக்கும் வழி உண்டு. கழுத்து வளைந்தது என்றால் முதுமை என்று நினைக்காதீர்கள். பல சமயம் அது அடைப்புதான். அடியைப் புதிதாக வெட்டி, பூவோடு சேர்த்து முழுக் காம்பையும் ஒரு பெரிய டப்பில் தண்ணீருக்குள் படுக்க வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எடுத்து, செய்தித்தாளில் கழுத்துவரை நேராகச் சுற்றி, ஆழமான தண்ணீரில் நிற்க வையுங்கள். இளம் பூவாக இருந்தால் தலை நிமிரும்.

பூவைக் கொல்வது பெரும்பாலும் ஜாடி

இரண்டாவது அடைப்பு பாக்டீரியாவால் வருகிறது. தண்ணீருக்கு அடியில் மாட்டிய இலை ஒன்றிரண்டு நாளில் அழுகும். அழுகல் பாக்டீரியாவைப் பெருக்கும். அவை வெட்டுவாயில் வழவழவென்று படலமாகப் படியும். தண்ணீர் கலங்கி, ஜாடியின் உள்சுவரில் விரலுக்கு வழுக்கல் தட்டுப்பட்டால் பூ ஏற்கெனவே மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எனவே நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு இலைகூட இருக்கக் கூடாது. ஜாடியைச் சாப்பாட்டுப் பாத்திரம் மாதிரி சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றி, காம்பின் அடியில் ஒரு விரல்கடை வெட்டுங்கள். இதை மட்டும் செய்து வேறு எதையும் செய்யாவிட்டால்கூட நல்ல பலன் தெரியும்.

அதற்குமேல் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு: பூக்கடையில் தரும் சின்னப் பொட்டலத்தில் இருப்பது மூன்று விஷயம். பூவுக்குச் சாப்பாடாகச் சர்க்கரை, தண்ணீர் சுலபமாக ஏறப் புளிப்பு, பாக்டீரியாவைத் தடுக்க ஒரு மருந்து. வீட்டிலேயே இதைக் கலக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் கால் தேக்கரண்டி திரவ ப்ளீச்சை முதலில் விட்டு நன்றாகக் கலக்குங்கள். பிறகு ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை. கடைசியாக ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தின் சாறு, வடிகட்டி. வரிசையை மாற்றாதீர்கள், ப்ளீச்சும் எலுமிச்சைச் சாறும் தண்ணீரில்லாமல் நேருக்கு நேர் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது நெஞ்சுக்கு ஆகாது. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் ஜாடியை வையுங்கள்.

சர்க்கரை மட்டும் போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. மருந்தில்லாத சர்க்கரைத் தண்ணீர் பாக்டீரியாவுக்குப் பாயசம். அதைப் போடுவதற்குச் சும்மா தண்ணீரே மேல். செப்புக்காசு போடும் பழக்கமும் ஒரு காலத்தில் இருந்தது. செம்பு கிருமியைத் தடுக்கும் என்பதில் உண்மை உண்டு. இன்று நம் கையில் புழங்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் எவர்சில்வர் காசு. அது எதையும் தடுக்காது. பித்தளைச் செம்பில் பூ வைக்க ஆசைப்பட்டால் தாராளமாக வையுங்கள், ஆனால் புளிப்புக் கலந்த தண்ணீரைப் பித்தளையில் ஊற்ற வேண்டாம். களிம்பு ஏறும். உள்ளே ஒரு கண்ணாடி டம்ளரை இறக்கி அதில் பூவை நிறுத்துங்கள்.

மைசூர் நகரத்துக் குழாய்களில் வருவது காவிரியும் கபினியும். மென்மையான நல்ல தண்ணீர். ஊருக்கு வெளியே புதிய லேஅவுட்டுகளில் போர்வெல் தண்ணீர் வரும் வீடுகளில் அப்படியில்லை. உப்பும் காரத்தன்மையும் அதிகம், காம்பில் ஏற மறுக்கும். அங்கே ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாம். உப்புப் போட்டு மென்மையாக்கும் கருவி வைத்திருப்பவர்கள் அந்தத் தண்ணீரை ரோஜாவுக்கும் கார்னேஷனுக்கும் தராதீர்கள். சோடியம் அவற்றுக்கு ஆகாது. கிளாடியோலஸுக்கும் ஜெர்பராவுக்கும் ஃபுளோரைடு ஆகாது. தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமுள்ள தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து வாசகர்கள் இந்த வரியைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

பழத்தட்டும் ஊதுபத்தியும்

வாழைத்தாரைக் குழியில் இறக்கி, புகை போட்டு மூடிப் பழுக்க வைப்பதை நம் கிராமங்களில் பார்த்தவர்கள் இருப்பார்கள். புகைக்குள் எது பழுக்க வைக்கிறது என்பதை உலகம் சுற்றி வளைத்துத்தான் கண்டுபிடித்தது. 1901-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் திமித்ரி நெல்யூபோவ் என்ற இளைஞர், தன் ஆய்வகத்துப் பட்டாணி நாற்றுகள் கோணல்மாணலாக வளர்வதற்கு விளக்கு வாயுவில் கலந்திருந்த எத்திலீன்தான் காரணம் என்று எழுதினார். சிகாகோவில் பசுமைக்குடில்களில் கார்னேஷன் பூக்கள் விரிந்த இதழை மடக்கித் தூங்கிப்போயின. பூக்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். குரோக்கர், நைட் என்ற இருவர் 1908-இல் அங்கும் குற்றவாளி எத்திலீன்தான் என்று காட்டினார்கள். பிறகு தெரிந்த செய்தி இன்னும் வியப்பு: பழுக்கும் பழமே இந்த வாயுவை வெளியே விடுகிறது. வாடும் பூவும் விடுகிறது. பழத்துக்குக் கனிய வேண்டிய நேரத்தைச் சொல்லும் அதே வாயு, பூவுக்கு உதிர வேண்டிய நேரத்தைச் சொல்கிறது.

மைசூர் செலுவாம்பா மாளிகையில் 1950 அக்டோபர் 21 அன்று திறக்கப்பட்ட உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு முதல் இயக்குநர் நம்மவர், வி.சுப்ரமணியன். ஜாடிப்பூ அவர்களுடைய பாடமில்லை. பறித்த பழம் எப்படி மூச்சு விடுகிறது, எப்படிக் கனிகிறது, அதை எப்படித் தாமதப்படுத்துவது என்பது அவர்களுடைய பாடம். அந்தப் பாடத்தை அப்படியே பூவுக்கும் மாற்றிப் படிக்கலாம். பறித்த பூவும் மூச்சு விடுகிறது. சேமித்த சர்க்கரையை எரித்துத்தான் விடுகிறது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் அந்த எரிப்பு இரண்டு மூன்று மடங்காகும்.

இப்போது நம் வீட்டு வரவேற்பறையைப் பாருங்கள். நடு மேசையில் பூ ஜாடி, பக்கத்திலேயே பழக்கூடை. அதில் நஞ்சன்கூடு ரசவாழையோ ஆப்பிளோ மாம்பழமோ. பின்னால் சுவாமி படத்துக்கு முன் ஊதுபத்தி. எரியும் பொருள் எதன் புகையிலும் எத்திலீன் இருக்கும். ஊதுபத்திப் புகையும் விலக்கில்லை. பூவும் பழமும் புகையும் ஒன்றாக இருப்பது பூஜைத் தட்டில் சரி. அங்கே பூவுக்கு ஒரு காலைப்பொழுது ஆயுள் போதும். ஜாடியில் பத்து நாள் நிற்க வேண்டிய பூவை அந்தக் கூட்டத்தில் உட்கார வைக்காதீர்கள். குறிப்பாகக் கார்னேஷன், ஆர்க்கிட், லில்லி. இவை எத்திலீனுக்கு மிகவும் பயந்தவை. ரோஜாவில் ரகத்துக்கு ரகம் மாறும். செவ்வந்தி, ஜெர்பரா, ஆந்தூரியத்துக்கு அது பெரிய பொருட்டில்லை. பூஜையறையில் ஜாடி வைத்தே ஆக வேண்டுமென்றால் செவ்வந்தியை வையுங்கள்.

ஃப்ரிட்ஜில் பூ வைப்பவர்கள் இதே காரணத்துக்காக ஆப்பிளை வெளியே எடுத்துவிட வேண்டும். வாடிய பூவை ஜாடியிலிருந்து உடனே எடுத்துவிடச் சொல்வதும் அழகுக்காக மட்டும் இல்லை. அது விடும் வாயு பக்கத்துப் பூவையும் இழுத்துக்கொண்டு போகும்.

வெப்பத்தைப் பொறுத்தவரை மைசூருக்கு இயற்கையே ஒரு சலுகை கொடுத்திருக்கிறது. கடல் மட்டத்துக்குமேல் சுமார் 760 மீட்டர் உயரம். கோடையிலும் ராத்திரி குளிரும். படுக்கப் போகும் முன் ஜாடியைத் தூக்கி ஜன்னல் திறந்த, குளிர்ந்த மூலையில் வைத்துவிட்டுப் போங்கள். காலையில் திரும்ப நடுக்கூடத்துக்குக் கொண்டு வரலாம். சென்னை வாசகருக்கு இந்த வசதி இல்லை. அவர் ஃபேன் காற்று நேராக அடிக்காத இடத்தையாவது பார்க்கட்டும். டி.வி., இன்வெர்ட்டர் பக்கம் எந்த ஊரிலும் வேண்டாம்.

ஒவ்வொன்றும் ஒரு குணம்

ரோஜா வாங்கும்போது மொட்டின் அடிப்பகுதியை இரண்டு விரலால் மெல்ல அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் புதுசு. கொழகொழவென்று இருந்தால் வெளி இதழ்களை உரித்துப் புதுசுபோல் ஆக்கியிருக்கிறார்கள். மொட்டுக்கு மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் வலைத் தொப்பியை வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள். கடை வாளித் தண்ணீரையும் ஒரு முறை குனிந்து முகர்ந்து பார்ப்பது நல்லது. நாற்றமடித்தால் அந்தக் கடையில் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஜெர்பராவின் காம்பில் மெல்லிய ரோமம் உண்டு, உள்ளே பொந்து. ஆழத் தண்ணீரில் நிறுத்தினால் காம்பே அழுகும். நாலு விரல்கடை தண்ணீர் போதும், ஆனால் சுத்தமாக இருக்க வேண்டும். நடு வட்டத்தில் மகரந்தம் தெரிய ஆரம்பித்த பூவை வாங்குங்கள். அதற்கு முன் பறித்தது கழுத்து ஒடியும்.

கன்னடத்தில் சுகந்தராஜா என்று சொல்லும் சம்பங்கிக்கு என் மனதில் தனி இடம் உண்டு. பெங்களூருக்கு வெளியே ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பிரஜ்வல் ரகத்தை நம் விவசாயிகளும் பயிரிடுகிறார்கள். ஒற்றை அடுக்கு மாலைக்கு, இரட்டை அடுக்கு ஜாடிக்கு. அடியிலிருந்து மேலாக மலரும் பூ இது. கீழே வாடியதைக் கிள்ளிக்கொண்டே வந்தால் மேல்மொட்டுக்கு உணவு போகும். சர்க்கரைக் கரைசலின் பலன் கண்ணால் தெரிவது இதில்தான். வெறும் தண்ணீரில் நுனி மொட்டுகள் திறக்காமலே காயும். கிளாடியோலஸும் இதே வழி. அதைச் சாய்த்து வைத்தால் நுனி வானத்தைத் தேடி வளைந்துவிடும், நேராக நிறுத்துங்கள்.

ஆர்க்கிடும் ஆந்தூரியமும் வெப்ப மண்டலத்துப் பூக்கள். ஃப்ரிட்ஜ் அவற்றுக்கு விஷம். ஒரு ராத்திரியில் கறுத்துவிடும். வெளியே வைத்தால் ஆந்தூரியம் இரண்டு வாரத்துக்கு மேல் அசராமல் நிற்கும். லில்லியின் மகரந்தப் பையை மலர்ந்ததுமே கிள்ளி எடுத்துவிடுங்கள், சட்டையில் பட்டால் கறை போகாது. தோட்டத்துச் செம்பருத்திக்கு ஒரு நாள்தான் விதி. தண்ணீரில் வைத்தாலும் வைக்காவிட்டாலும் மாலையில் சுருளும். அதற்கு ஜாடி வேண்டாம், மேசைமேல் அப்படியே வைத்து ரசியுங்கள்.

பச்சை நுரையை விட்டுவிடலாம்

விழா அலங்காரக்காரர்கள் கூடைக்குள் வைக்கும் பச்சை நிற நுரைக்கட்டி 1950-களில் அமெரிக்காவில் வெர்னன் ஸ்மிதர்ஸ் கொண்டு வந்தது. பூவைக் குத்தி நிறுத்த வசதி. ஆனால் அது பிளாஸ்டிக். மட்காது; உதிர்ந்து நுண்துகள்களாகத் தண்ணீரில் கலக்கும். பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் தன் கண்காட்சிகளில் அதைத் தடை செய்துவிட்டது. பூவின் ஆயுளுக்கும் அது உதவாது. ஒரு தடவை காம்பை வெளியே இழுத்து மறுபடி குத்தினால் அந்த ஓட்டையில் காற்று தங்கிவிடும்.

நமக்கு அது தேவையே இல்லை. வாழைமட்டையை அரையடி உயரத்துக்கு வெட்டி, அகலத் தட்டில் நிறுத்திப் பாருங்கள். அதன் அறைகளில் ஈரம் இருக்கும், காம்பு வழுக்காமல் நிற்கும், மூன்று நாள் கழித்து மாட்டுக்கோ உரக்குழிக்கோ போய்விடும். அதற்குமேல் நிற்க வேண்டிய பூவுக்கு அகல வாய் ஜாடியில் கோழிக்கூண்டுக் கம்பி வலையைச் சுருட்டிப் போட்டால் போதும். கழுவிக் கழுவி வருடக்கணக்கில் பயன்படுத்தலாம். கல்யாண மண்டபம் பேசும்போதே அலங்காரக்காரரிடம் இதைக் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் அவர்களும் பழக்கத்தை மாற்றுவார்கள்.

தசராவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜம்பு சவாரி போகும் சையாஜி ராவ் சாலையை ஒட்டிய பூக்கடைகளில் அந்த ஒன்பது நாளும் மூச்சு விட நேரமிருக்காது. கொலு வைக்கும் வீடுகளுக்கு ஒரு யோசனை: முதல் நாளே ஒன்பது நாளுக்கும் சேர்த்துப் பூ வாங்காதீர்கள். கொலுப்படியின் இரு பக்கத்துக்கும் செவ்வந்தியும் ஆந்தூரியமும் முதல் நாள் வாங்கினால் கடைசி நாள்வரை நிற்கும். நடுவில் ஐந்தாம் நாள் சம்பங்கியும் ரோஜாவும் சேருங்கள். மல்லிகையை மட்டும் அன்றன்றைக்கு, மாலை நாலு மணிக்குமேல், இன்னும் திறக்காத மொட்டாகப் பார்த்து வாங்குங்கள். சுண்டலுக்கு வந்தவர்கள் கையில் வெற்றிலையோடு சரத்தைக் கொடுக்கும் நேரத்தில் அது மலர்ந்திருக்கும்.